நீங்கள் வைத்த குருகு

ஜனவரி 12

அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நேற்று மட்டும் பதினாலு முறை அடித்தேன். பதினைந்தாவது முறை அடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

நடந்தது நடந்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். புதன்கிழமைதோறும் நம் வாட்ஸ்அப் பறவைக் குழுவில் மங்கலான படம் போட்டு "இது என்ன பறவை?" என்று கேட்கிற விளையாட்டை ஆரம்பித்தது யார்? பறவை போய் வெறும் கிளை மட்டும் விழுந்த படத்துக்கு "ஓடிப்போன மாப்பிள்ளை" என்று பேர் வைத்தது யார்? முதுகு மட்டும் தெரிந்தால் "கோபித்துக்கொண்ட சம்பந்தி" என்று சொன்னது யார்? நீங்கள்தானே. அந்தச் சிரிப்பில் நானும் ஒரு பிடி போட்டேன். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குருகைச் செதுக்க மூன்று மாதம் ஆயிற்று அண்ணி. லிஃப்ட் ரிப்பேர் வேலையில் பாதி நேரம் மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் சாமான் வருவதற்காகக் காத்திருப்பதுதான். பெட்டிப் பலகையில் செதுக்கி, வண்ணம் பூசி, பையில் வைத்து பஸ் ஏறி வந்து, நம் குழுவிலுள்ள உங்கள் ஊர்ப் பேக்கரிக்காரரோடு சேர்ந்து ஏரி நாணலுக்குள் நட்டேன். எதிர்க்கரையிலிருந்து, பனி விலகுவதற்குள், ஆறு படம். நீங்கள் பார்த்ததும் "போடா மரமண்டை" என்று எழுதுவீர்கள் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.

நீங்களோ இரண்டு பக்கம் எழுதினீர்கள். கழுத்துக் கோடு, அலகின் நிறம், தலையைத் தூக்கி நிற்கிற நிலை. "பெரிய குருகு. நம் ஏரியில் முதல் தடவை. சந்தேகமே இல்லை." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மறுநாள் பேக்கரிக்காரர் அதைக் கடைக் கல்லாமேல் நிற்க வைத்து, தலையில் பிறந்தநாள் தொப்பியை மாட்டி, படத்தைக் குழுவில் போட்டுவிட்டார். எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் குழுவை விட்டே போய்விட்டீர்கள்.

மன்னித்துவிடுங்கள். பேக்கரிக்காரரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

அண்ணன் எப்படி இருக்கிறார்?

மரமண்டை


ஜனவரி 17

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இரண்டு பக்கத்தில் பதினோரு பிழை. திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். பாடப்புத்தக அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை பார்த்து வயிறு வளர்க்கிறவளுக்கு வேறென்ன தெரியும்?

பிழை பார்க்கிறவளே ஏமாந்துவிட்டாள் என்று அவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. குருகு அசையாமல்தான் நிற்கும். நாணலோடு நாணலாக, அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, மணிக்கணக்காக நிற்கும். ஆறு படத்திலும் ஒரு இம்மி நகராமல் இருந்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. கொக்கை வைத்திருந்தால் முதல் படத்திலேயே பிடித்திருப்பேன். நன்றாகத்தான் யோசித்துச் செய்திருக்கிறீர்கள்.

எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். ஏரியிலிருந்து எங்கள் வீடு நடந்தால் பதினைந்து நிமிடம். உங்கள் அண்ணன் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. மரப் பறவையைத் தூக்கிக்கொண்டு வந்த கால் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அப்படியேதான் இருக்கிறார்.

அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்து "டா" போட்டுக் கூப்பிட்ட வாய். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வராதது தப்புதான். அன்றைக்கு மதியத்துக்குள் திரும்ப வேண்டியிருந்தது. பதினாலு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்டும் நின்றுபோய், கிழவர்கள் எல்லாம் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மாற்று ஆள் இல்லை. அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான். ஆள் பற்றாக்குறை. தலைக்கு மேல் வேலை.

சரி, பிராயச்சித்தமாக நாலு படம் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். எல்லாம் உயிருள்ளவை, சத்தியமாக. முதல் படத்தில் இருப்பது பழுப்பாக ஏதோ ஒன்று. நான் கதிர்க்குருவி என்கிறேன், பேக்கரிக்காரர் காய்ந்த இலை என்கிறார். இரண்டாவது, உங்கள் சம்பந்தி, இன்னும் கோபம் தணியவில்லை. மூன்றாவதில் பாதிப் பறவை, பாதி என் கட்டைவிரல். நாலாவது எனக்கே தெரியவில்லை. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

பதில் போடுங்கள். திட்டியாவது.

மரமண்டை


ஜனவரி 27

தம்பிக்கு,

முதல் படம் இலை. பேக்கரிக்காரர் சொன்னதுதான் சரி. இரண்டாவது மைனா. மூன்றாவது உங்கள் கட்டைவிரல், நகம் வெட்ட வேண்டும். நாலாவதைப் பார்க்கவில்லை. இனிமேல் படம் அனுப்ப வேண்டாம்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, சொல்லவும் வேறு ஆள் இல்லை.

இரண்டு வருடமாக நான் ஏரிப் பக்கம் போகவில்லை. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் ஒன்பது மணி. ஒன்பதுக்கு ஆயாம்மா வந்ததும் ஆபீசுக்கு ஓடி, அச்சுப்படிகளை வாங்கிக்கொண்டு ஒன்றரைக்குத் திரும்ப வேண்டும். பிறகு அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து பிழை திருத்துகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். எனக்கு இருந்த பறவையெல்லாம் புதன்கிழமை நீங்கள் எல்லாரும் போடுகிற அந்த மங்கல் படங்கள்தான். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அதுதான் ஏரி.

அந்தப் படங்களை உங்கள் அண்ணனுக்கும் காட்டுவேன். பேச்சு வராவிட்டாலும் எல்லாம் புரியும். சர்வேயர் வேலை பார்த்த கண் அது, நான் இரண்டு நிமிடம் யோசிப்பதை அவர் பார்த்த உடனே புருவத்தில் சொல்லிவிடுவார். ஆனால் குருகு விஷயத்தில் அவரும் ஏமாந்தார். முப்பது வருடம் அந்த ஏரியில் எண்ணிக்கை எடுத்தவர். பெரிய குருகு ஒரு தடவையாவது வரும் என்று எத்தனை மார்கழி விடியலில் பனியில் போய் நின்றிருப்பார், உங்களுக்கே தெரியும். படத்தைப் பார்த்ததும் அழுதார். இடது கையால் அலமாரியைக் காட்டி, எண்ணிக்கை நோட்டை எடுக்கச் சொல்லி, என்னை எழுத வைத்தார். தேதி போட்டு, பேர் எழுதி, எண்ணிக்கை ஒன்று.

மறுநாள் தொப்பி போட்ட படம் வந்தது. அதை நான் அவருக்குக் காட்டவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஜன்னல் திரையை விலக்கியதும் ஏரி இருக்கிற திசையைக் காட்டி "ஆ?" என்கிறார். இருக்கிறதா என்று அர்த்தம். நான் "இருக்குங்க, அங்கேயேதான் நிக்குது" என்கிறேன். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து கஞ்சி குடிக்கிறார். தினமும் ஒரு பொய் சொல்லி ஊட்டுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. உடம்பு அலுப்பு தூங்கினால் போகும், இது போகாது போலிருக்கிறது.

அவரிடம் சொல்ல என்னால் முடியாது. நீங்கள் வைத்த குருகு. நீங்களே வந்து எடுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் போடுவேனா தெரியவில்லை.

போன கடிதத்தில் ஆள் பற்றாக்குறை என்று எழுதினேன். பொய். லீவு கேட்டால் கிடைக்கும். முப்பத்திரண்டு நாள் லீவு தேங்கிக் கிடக்கிறது.

நான் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வந்தேன் அண்ணி. அண்ணனுக்கு வாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் கதவு திறந்தது. நேர் எதிரே வார்டு, முதல் கட்டில். ஒரு நர்ஸ் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அப்பா செத்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுடுகாடுவரை நடந்தவர். அந்தத் தோள் கட்டிலில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. நான் காலை வெளியே வைக்கவில்லை. கதவு தானாக மூடியது. தரைத்தளம் பொத்தானை அழுத்தினேன். வாங்கி வந்த பழத்தை வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் "இத்தனை நாள் வராதவன் இப்போது எந்த முகத்தோடு போவது" என்று இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனது. குழுவில் நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் வீட்டில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால்தான் புதன்கிழமை ஆனால் நானும் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன். மரக்குருகை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் உங்கள் தெருமுனைவரை வந்தேன். இஸ்திரிக் கடையிலிருந்து பார்த்தால் ஜன்னல் தெரிகிறது. திரை மூடியிருந்தது. திரும்பிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயது ஆம்பளை இப்படி எழுதுகிறேன். சிரித்தால் சிரியுங்கள்.


பிப்ரவரி 6

தம்பி,

படித்தேன். சிரிக்கவில்லை. பயமாக இருக்கிறவனைத் தேற்ற எனக்குத் தெம்பும் இல்லை. எனக்கும்தான் பயமாக இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு. ஆயாம்மாவுக்கு லீவு. ராத்திரி பஸ் ஏறினால் ஐந்தரைக்கு வந்துவிடலாம். நீ வந்ததும் நான் ஏரிக்குப் போகிறேன். மூன்று மணி நேரம். அண்ணன் பக்கத்தில் நீ இரு.

தலையணையை உயர்த்தி உட்கார வைத்த பிறகுதான் எதையும் கொடுக்க வேண்டும். தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது, மருந்துக்கடைப் பொடியைப் போட்டுக் கெட்டியாக்கி, சின்ன ஸ்பூனில், இடது பக்கமாக. முழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூன். ஏழு மணிக்கு இடது பக்கம் புரட்டு. வலது தோளைப் பிடித்து இழுக்காதே, வலிக்கும். வாய் ஓரத்தில் துண்டு இருக்கும், அதுவாக வழிந்தால் துடை, அவரைப் பார்க்காத மாதிரி துடைக்காதே, பார்த்துத் துடை.

குருகைப் பற்றி எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பது உன் பாடு.

அண்ணி


பிப்ரவரி 16

அண்ணிக்கு,

பஸ்ஸிலிருந்து இறங்கிக் குளித்துவிட்டு உடனே எழுதுகிறேன். நேற்று உங்களிடம் எதுவும் சரியாகச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

நீங்கள் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தியதும் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்தேன். லிஃப்ட் கதை, மாடியில் மாட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளை கதை, பேக்கரிக்காரர் கதை, வாய் மூடவில்லை. முக்கால் மணி நேரம். அவர் சிரிக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரைக்கு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி "ஆ?" என்றார்.

சொல்லிவிட்டேன். "அண்ணா, அது மரம். நான்தான் செஞ்சு வச்சேன். விளையாட்டுக்கு." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வா என்று விரலை மடக்கினார். காதில் ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். இடது கையால் ஓங்கி ஒரு அறை விட்டார். காது கொய்ங் என்றது. இரண்டு வருடமாக என்ன வேலை செய்ததோ அந்தக் கை, அவ்வளவு பலம். அதற்கப்புறம் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நான் அப்படியே குனிந்த வாக்கில் அழுதேன். அவரும் அழுதார். இடுப்பு பிடித்துக்கொண்டது, இன்னும் வலிக்கிறது.

நோட்டை எடுத்து அவர் கண்ணெதிரே குருகு வரியை அடித்தேன். தலையை ஆட்டினார். நடுவில் ஒரு ஸ்பூன் தண்ணீர் புரையேறி எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏழு மணிக்குப் புரட்டினேன். தோளைத் தொடவில்லை.

எட்டே முக்காலுக்கு நீங்கள் வந்தீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று அவர் கண்ணாலேயே கேட்டார். நின்ற வாக்கில் பதினோரு பறவை சொன்னீர்கள். நோட்டை என்னிடம் தள்ளிவிட்டுக் காபி போட உள்ளே போனீர்கள். நீங்கள் வெளியே போய் வந்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கன்னம் இன்னும் சிவந்திருக்கிறது. வேலையிடத்தில் கேட்பார்கள். கதவு இடித்துவிட்டது என்று சொல்லப்போகிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அறை வருகிற இடத்தில் மறுபடியும் படிக்கச் சொன்னார். இந்த வாரம் "ஆ?" கேட்கவில்லை. கஞ்சியும் குடிக்கிறார். நீ செய்யவேண்டியதைச் செய்துவிட்டாய்.

நான்தான் செய்யவில்லை.

அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போனேன். வெளிச்சம் வரவில்லை. சிமென்ட் பெஞ்சு காலியாக இருந்தது, மேலே மரப் பலகை அடித்த அந்தப் பெஞ்சு. வெளிச்சம் வரும்வரை உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது வெயில் முகத்தில் அடித்தது, நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் என் செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு, "நல்லாத் தூங்குறீங்களேன்னு எழுப்பல" என்றாள். பைனாகுலர் உறையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு காக்கையைக்கூடப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். கதவைத் திறந்தால் நீ ஒரு கன்னம் சிவந்து நிற்கிறாய், அவர் அப்படி ஒரு ஆவலோடு பார்க்கிறார். உங்கள் இரண்டு பேரையும் அப்படி விட்டுவிட்டுப் போய்க் கட்டையாகத் தூங்கினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. முக்குளிப்பான், நாமக்கோழி, மீன்கொத்தி என்று அந்த ஏரியில் எப்போதும் இருப்பதை மனப்பாடமாக ஒப்பித்தேன். நீயாவது மூன்று மாதம் உட்கார்ந்து மரத்தில் ஒன்று செய்து வைத்தாய். நான் ஒன்றுமே இல்லாமல் பதினொன்று சொல்லிவிட்டேன். உன்னை என்ன சொல்லித் திட்டினேனோ அது எனக்கும் பொருந்தும்.

அந்த நோட்டில் முப்பது வருடத்தில் ஒரு பொய் கிடையாது. உன் குருகுதான் முதல் பொய், அதை அடித்தாயிற்று. இந்தப் பதினொன்றையும் அடிக்க வேண்டும். நாலு நாளாக நோட்டைக் கையில் எடுக்கிறேன், திறக்க மனம் வரவில்லை, வைத்துவிடுகிறேன். அடுத்த தடவை நீ வந்தால் அடித்துவிடு. அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அடுத்த தடவை என்று எழுதிவிட்டேன். வருவாயா?

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

நோட்டில் அடிக்க ஒன்றும் இல்லை. நான் அந்தப் பதினொன்றையும் எழுதவே இல்லை.

நீங்கள் உள்ளே காபி போடப் போனதும் நான் பேனாவைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், பிறகு சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. கதவிடுக்கு வழியாக உங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உங்கள் இடது கன்னத்தில் குறுக்காக மூன்று கோடு. பெஞ்சுப் பலகை பதிந்த தடம். தலைமுடியில் ஒரு வேப்பிலை வேறு. மூன்று மணி நேரம் நின்று பார்த்தவர்களின் கழுத்தில் பைனாகுலர் வார் அழுத்திச் சிவந்திருக்கும், உங்களுக்கு அது இல்லை. இவ்வளவையும் அவர் படுத்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டார். கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்து, கண்ணை மூடி, குறட்டை விடுவதுபோல் செய்து காட்டினார். அப்புறம் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது எந்தக் காலத்தில் என்று எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் பென்சிலைக் கேட்டார். இரண்டு வருடமாகப் பென்சில் பிடிக்க மறுக்கிறார் என்று அடுத்த நிமிடமே நீங்கள் காபியோடு வந்து சொன்னீர்களே, அப்போது நோட்டு அவர் போர்வைக்குள் இருந்தது. நீங்கள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டீர்கள் அல்லவா, அந்த நேரம் முழுக்க எழுதினார். இடது கை. ஒரு எழுத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். நான் நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று வாயில் விரல் வைத்துக் காட்டினார். நீங்களாகச் சொன்னால் சொல்லலாம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மார்ச் ஒன்று, ஞாயிறு, ஐந்தரைக்கு வந்துவிடுவேன். அதற்கப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு, லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நீங்கள் ஏரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். பறவை பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றுகிற அன்றைக்குப் போனால் போதும்.

இப்போது போய் நோட்டைத் திறந்து பாருங்கள். பிப்ரவரி 15. பறவையின் பேர் எழுதுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை இடத்திலும் ஒன்றும் இல்லை. குறிப்பு எழுதுகிற கட்டத்தில், கோணல்மாணலாக, கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிவரை இறங்கி, அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது: "தூங்கினாள்."

தம்பி